வின்ஸ்லோ ஹோமரின் சித்திரச்சாலை

நீர்வர்ணச் சித்திரம் தைலவர்ணச் சித்திரத்தினும் எளிதென்று எண்ணுவோர் பலர். அவர்கள் ஒருமுறை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகீழ்க்கோடியிலுள்ள மெயின் மாகாணத்துக்குச் சென்று, பிரௌட்ஸ் நெக் என்னும் பாறைமுனையில் நிற்கும் மரவீடொன்றைக் காண்பாராயின் நன்று. அஃது வின்ஸ்லோ ஹோமர் (1836–1910) வாழ்ந்த சித்திரச்சாலை. கிரேக்கப் பெருங்கவி வேறு, இவர் வேறு.

முன்னர் அது வண்டிக் கொட்டகை. 1884இல் ஜான் கால்வின் ஸ்டீவன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதனை மாற்றியமைத்து, கடலை நோக்கிய மேன்மாடமும் சேர்த்தார். ஹோமர் அங்கே தனித்து வாழ்ந்து அங்கேயே உயிர் நீத்தார். போர்ட்லண்டு நகரக் கலைக் காட்சிசாலையார் 2006இல் வாங்கிச் செப்பனிட்டு 2012இல் யாவர்க்கும் திறந்தனர். வீணே எட்டிப்பார்க்க வருவோரை விலக்குதற்பொருட்டு, பாம்பும் எலியும் உண்டென்று பலகை எழுதிவைத்தவர் ஹோமர். இப்போது அதற்கு அஞ்சுவாரில்லை!

நீர்வர்ணத்தை அவருக்கு முதலில் பழக்கியவர் தாயார். அவ்வம்மையாரும் சித்திரம் வல்லவர். ஹோமர் தீட்டியவை யாவும் இவ்வீட்டில் எழுந்தன அல்ல. அதிரோண்டாக் மலைக்காடுகளுக்கும் பகாமாத் தீவுகளுக்கும் தாளும் வர்ணமும் கொண்டுசென்று அவ்விடத்து ஒளியிலேயே பலவற்றை எழுதினார்.

இனித் தொழின்முறையைக் காண்போம். இதில் வெண்மை பெரும்பாலும் வர்ணமன்று, தாளே வெண்மை. அலையின் நுரையும் மேகத்தின் விளிம்பும் தூரிகை தீண்டாது விட்ட இடங்களே. ஆகவே, எதைத் தீட்டாது விடுவதென்று முன்னரே துணிதல் வேண்டும். விட மறந்த இடத்தை ஹோமர் நீரால் நனைத்து ஒற்றியெடுத்தார். சிலவிடத்துக் கத்திமுனையாற் சுரண்டித் தாளின் வெண்மையை மீட்டார். இத்துணிவு கற்போர்க்கு எளிதில் வாராது.

நிற்க. தாளின்மேல் மெல்லிய படலமாய்ப் படியும் இவ்வர்ணத்தைக் காக்க எண்ணெய்ப் பூச்சு இல்லை. 1888இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்னும் இருவர் பரிசோதித்து, ஒளியும் ஈரமும் காற்றும் கூடியே நீர்வர்ணங்கள் பலவற்றை வெளுப்பிக்கின்றன என்று காட்டினர். அதற்கு முந்திய ஆண்டில் ஹோமர் தீட்டிய சித்திரமொன்று சிக்காகோ கலைக்கழகத்தில் உளது. பூசணி வயலில் ஒரு சிறுவன் நிற்கிறான். அவனுக்குப் பின்னே வானம் வெளிறிக் கிடக்கின்றது. ஆய்வாளர் நுண்கருவிகளாற் சோதித்தபோது, அவ்வெளிறிய தாளில் செஞ்சாயத்தின் துகள்கள் அகப்பட்டன. ஹோமர் தீட்டியது செவ்வானம்! எந்த ஒளியை எழுத முயன்றாரோ அந்த ஒளியே அதனை உண்டுவிட்டது.

இக்காரணத்தால், காட்சிசாலைகளில் நீர்வர்ணச் சித்திரங்களை மங்கிய ஒளியிற் சில மாதங்களே வைத்துப் பின்னர் இருட்டறையிற் சேமிக்கின்றனர். சிறுவன் பின்னிருந்த செவ்வானத்தைக் கணினிப் படத்தில் மீளக் காட்டியுள்ளனர். தாளில் மீட்கும் வழியில்லை.