கம், ரெஸின் என்னும் இருவகைப் பிசின்கள்

கடலூருக்கு மேற்கே கெடில நதிக்கரையில் திருவந்திபுரம் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த கிராமங்களில் வேம்பு, முருங்கை, கருவேல், முந்திரி ஆகிய எம்மரத்தின் பட்டையிலிருந்து கசிந்து இறுகும் வஸ்துவையும் பிசின் என்றே ஜனங்கள் வழங்குவர். ஆங்கிலத்திலோ இத்தகைய வஸ்துக்களுக்கு இரண்டு சொற்கள் உள. ஒன்று கம், மற்றொன்று ரெஸின். தமிழில் எழுதுவோர் பலர் இரண்டையும் பிசின் என்றே மொழிபெயர்க்கின்றனர். இதனால் பொருள் மயங்குவதோடு தொழிலிலும் நஷ்டம் நேரக்கூடும்.

கம் என்பது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு உண்டாவது. ஆகையால் அது ஜலத்தில் கரையும். அல்லது ஊறிக் கூழாகப் பருக்கும். கருவேலம்பிசின் இவ்வகையது. ஸூடான் தேசத்திலிருந்து உலகெங்கும் செல்லும் அரபிக் கம் என்பதும் கருவேலுக்கு உறவான ஒரு மரத்தின் பிசினே.

ரெஸின் இதற்கு நேர் மாறானது. அது எண்ணெய்த் தன்மை வாய்ந்த வஸ்துக்களால் ஆனது. ஜலத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாது. ஸ்பிரிட்டிலும் எண்ணெயிலும் கரையும். நெருப்பிலிட்டால் உருகிப் புகைந்து எரியும். குங்கிலியம் இவ்வகைக்குச் சிறந்த உதாரணம். திருக்கடவூர்க் கோயிலில் குங்கிலியத் தூபமிடுதலையே தொண்டாகக் கொண்ட குங்கிலியக் கலய நாயனாரின் பெயரிலேயே இவ்வஸ்துவின் குணம் விளங்கும். அரக்கு மரத்தில் ஊறுவதன்று, பூச்சியால் உண்டாவது. ஆயினும் அதுவும் ரெஸினே.

ஒரு தபால் உறையைக் கொண்டே இவ்விரு சொற்களின் பேதத்தை அறியலாம். முற்காலத்தில் உறையின் மடிப்பில் தடவப்பட்டது கம். நாவின் ஈரம் பட்டதும் இளகி ஒட்டும். அதன்மேல் வைக்கப்பட்ட முத்திரை அரக்கோ ரெஸின். அது தீயில் உருகி, ஆறியதும் இறுகும். ஒன்றுக்கு ஜலம் வேண்டும். மற்றொன்றுக்கு அனல் வேண்டும்.

மரப்படகின் இடுக்குகளை எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் அடைப்பது பழைய வழக்கம். அவ்விடத்தில் கருவேலம்பிசினைப் பூசினால் ஜலம் பட்டதும் அது கரைந்துபோகும். படகிலுள்ளோர் உயிருக்கே அபாயம். அவ்வாறே, உண்ணத்தக்க பிசின் என்று கருதி ரெஸினை உட்கொள்ளுதலும் தகாது.

பேதமறிய எளிய பரீட்சைகள் இரண்டு உண்டு. சிறு துண்டொன்றை ஒரு கிண்ண ஜலத்தில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். கரைந்தாலும் பருத்தாலும் அது கம். இட்டபடியே கிடந்தால் ரெஸின் எனக் கொள்ளலாம். இன்னொரு துண்டை நெருப்பிலிட வேண்டும். உருகாமல் கருகுவது கம். உருகிச் சுடர்விட்டுப் புகைவது ரெஸின்.

சில வஸ்துக்களில் இரண்டும் கலந்திருக்கும். பெருங்காயத்தில் கம்மும் ரெஸினும் வாசனைத் தைலமும் சேர்ந்துள்ளன. ஆங்கில வியாபாரிகளும் சில சமயம் பெயரை மாற்றி வழங்கியதுண்டு. ஸுமாத்ராவிலிருந்து வரும் சாம்பிராணி உண்மையில் ரெஸினாயினும் வியாபாரத்தில் அதற்குக் கம் என்ற அடைமொழி வழங்கியது. இக்காலத்தில் தச்சர் உபயோகிக்கும் வெள்ளைப் பசையைக் கடைகளில் கம் என்று கேட்டு வாங்குகின்றனர். அதுவோ ரஸாயன முறையில் செய்யப்பட்ட ரெஸின். ஆகவே பெயரை மட்டும் நம்பலாகாது. குணத்தையே நோக்க வேண்டும்.

கடலூர் ஜில்லாவில் பண்ருட்டி முதலிய இடங்களில் முந்திரி மிகுதி. அம்மரத்தின் தண்டில் கசிவது கம். அதன் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெயோ இவ்விரண்டிலும் சேராதது. தோலில் பட்டால் கொப்புளம் உண்டாக்குவது. அதனைப் பார்மால்டிஹைடுடன் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் ரெஸின் கிடைக்கும். வண்டிகளின் பிரேக் பட்டைகளுக்கும் வார்னிஷுக்கும் அது பயன்படுகிறது.

முந்திரியின் அடித்தண்டில் பிசின் கசிவதைக் கண்டு, விலைப்பொருள் கிடைத்ததென்று விவசாயி மகிழ்ந்திருக்கலாகாது. சிறு துவாரங்களும், பிசினோடு மரத்தூள் போன்ற கழிவும் காணப்பட்டால், தண்டு துளைக்கும் வண்டின் புழு பட்டைக்குள் புகுந்துள்ளது என்று அறிதல் வேண்டும். காலந்தாழ்த்தினால் இலைகள் மஞ்சளித்து மரமே பட்டுப்போகும். உடனே பாதிக்கப்பட்ட பட்டையைச் செதுக்கிப் புழுக்களை எடுத்து அழிக்க வேண்டும். முற்றும் பட்டுப்போன மரத்தை வேரோடு பெயர்த்து அப்புறப்படுத்துவதே அண்டை மரங்களுக்குக் காப்பாகும்.

இனி மொழிபெயர்ப்போர் கம் என்பதற்குப் பிசின் என்றும், ரெஸின் என்பதற்குக் குங்கிலிய வகை என்றும் எழுதுவார்களாயின், படிக்கும் கிராமவாசிக்கு மயக்கம் இராது. பிசின் சேகரிப்போரும் இரண்டையும் ஒரே கூடையில் கலவாது வெவ்வேறாக வைத்தல் நலம். கலந்த சரக்கிற்கு நல்ல விலை கிடைப்பது அரிது.