வீட்டில் வறுக்கும் காப்பி

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் காப்பிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கு விற்கப்படும் 'கோப்பி ஓ'வுக்கான கொட்டைகள் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுகின்றன. கொட்டையின்மேல் சீனி கருகிப் படிவதால் காப்பி கருநிறம் பெறுகிறது. கொட்டையின் இயல்பான சுவையை அறிய விரும்புவோர், பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாம்.

இதற்கு இயந்திரம் தேவையில்லை. கனமான இரும்புச் சட்டியும் அகப்பையும் போதும். மிதமான தீயில் கொட்டைகளை இடைவிடாமல் கிளற வேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகும், புல்வாசம் மறைந்து ரொட்டி மணம் எழும், பின்னர்ப் பழுப்பேறும். வெப்பம் ஏறக்குறைய 200 பாகை செல்சியசை நெருங்கும்போது, உள்ளே அடைபட்ட நீராவியின் அழுத்தத்தால் கொட்டை 'பட்பட்' என வெடிக்கும். இளவறுவலை விரும்புவோர் இந்த முதல் வெடிப்பு அடங்கியதும் நிறுத்திவிடலாம். தொடர்ந்து வறுத்தால், சில நிமிடங்களில் இரண்டாம் வெடிப்பு மெல்லிய ஒலியுடன் தொடங்கும், கசப்பும் மிகும். அதன்பின் கவனம் சிதறினால் மிஞ்சுவது கரியே.

அடுப்பை அணைத்த பின்னும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபடும். எனவே, உடனே முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்ற வேண்டும், உமியும் நீங்கிவிடும். கரிவளி வெளியேற ஒரு நாளாவது வைத்திருந்து அரைப்பது நல்லது.

மலேசியாவில் பரவலாக விளையும் லைபீரிக்கா கொட்டை அளவில் பெரியது. அது சீராக வறுபடக் கூடுதல் பொறுமை வேண்டும். கடிகாரத்தை மட்டும் நம்பி வறுப்பவருக்குப் பதம் தவறலாம். கண், மூக்கு, காது மூன்றையும் பழக்கியவருக்கே அது கைவரும்.