சோதிக்க எளிய தருக்கச் சுற்றுகள்

கைக்கடிகாரம் முதல் செயற்கைக்கோள் வரை எண்முறை மின்னணுவியல் நுழையாத துறை இன்று இல்லை. உண்மை அட்டவணை எழுதி, கார்னோ வரைபடத்தால் சுருக்கி, குறைந்த கேட்டுகளில் சுற்றை அமைக்க வகுப்பில் கற்கிறோம். ஆனால், செய்து முடித்த சுற்று பழுதின்றி உள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவை வடிவமைக்கும்போதே கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் கூற வருவது.

பழுதும் சோதனையும்

ஒரு கம்பி எப்போதும் 0 அல்லது 1 என்ற ஒரே நிலையில் நின்றுவிடுவதை 'நிலைத்த பழுது' எனலாம். இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் அண்ட் கேட்டுக்கு 11, 01, 10 ஆகிய மூன்றைக் கொடுத்தால், இவ்வகைப் பழுது எங்கிருந்தாலும் தெரிந்துவிடும். 00 தேவையே இல்லை. ஆனால் அதே கேட் ஆயிரம் கேட்டுகளின் நடுவே புதைந்திருந்தால்? அதன் உள்ளீட்டில் வேண்டிய மதிப்பை வெளியிலிருந்து வைக்க முடிய வேண்டும். அதன் விடை வெளியே தெரியவும் வேண்டும். முன்னது கட்டுப்படுதிறன், பின்னது நோக்குதிறன். இவ்விரண்டும் குறைந்த சுற்றைச் சோதிப்பது கடினம்.

ஓர் எடுத்துக்காட்டு

32 பிட் எண்ணியை எடுத்துக்கொள்வோம். 0-விலிருந்து தொடங்கினால், அதன் மேல் பிட் முதன்முறையாக 1 ஆவதற்கு 214,74,83,648 துடிப்புகள் வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் கொடுத்தாலும் ஏறத்தாழ 36 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இதையே நான்கு 8 பிட் பகுதிகளாகப் பிரித்து, சோதனையின்போது மட்டும் நான்கும் ஒருங்கே எண்ணும்படி சில கேட்டுகளைச் சேர்த்தால், 256 துடிப்புகளில் ஒவ்வொரு பகுதியும் முழுச்சுற்று வந்துவிடும். பகுதிகளுக்கு இடையிலான இணைப்பைப் பார்க்க மேலும் சில துடிப்புகள் போதும். அரைமணிக்கு மேற்பட்ட வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது.

சங்கிலி முறை

எல்லாச் சுற்றுகளையும் இவ்வாறு பிரிக்க இயலாது. நினைவுள்ள சுற்றுகளில் விடை இன்றைய உள்ளீட்டை மட்டுமன்றி முந்தைய நிலையையும் சார்ந்தது. இதற்குப் பொதுவான வழியொன்றை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐக்கெல்பெர்கர், வில்லியம்ஸ் ஆகியோர் 1977-இல் விளக்கினர். சோதனையின்போது ஃபிளிப்-ஃபிளாப்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து ஒரு நகர்வுப் பதிவேடாக மாறும். முதலில் 00110011 போன்ற வரிசையை அனுப்பிச் சங்கிலியையே சோதிக்கலாம். பின்னர் வேண்டிய நிலையை உள்ளே நகர்த்தி, இயல்பு முறையில் ஒரு துடிப்பு கொடுத்து, கிடைத்த விடையை வெளியே நகர்த்திப் படிக்கலாம். எவ்வளவு சிக்கலான சுற்றும் சோதனைக்கு நினைவற்ற சுற்றாகவே தோன்றும்!

செலவு வீணா?

இதற்குக் கூடுதல் கேட்டுகளும் சில முனைகளும் தேவை. வேகமும் சற்றுக் குறையலாம். குறைந்த கேட்டுகளே சிறந்த வடிவமைப்பு என்று பயின்ற நமக்கு இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் சோதனையில் சிக்காத பழுது பயன்படுத்துவோரிடம் அல்லவா போய்ச் சேரும்? மருத்துவக் கருவியிலோ இரயில்வே சைகையிலோ அப்பழுது இருந்தால் விளைவு என்னவாகும்?

எனவே நண்பர்களே, அடுத்த முறை சுற்று வரையும்போது ஒவ்வொரு கம்பியையும் நோக்கி, "உன்னை 0 ஆகவும் 1 ஆகவும் ஆக்க என்னால் முடியுமா? ஆக்கியதை வெளியிலிருந்து காண முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால்தான் வடிவமைப்பு முழுமை பெற்றதாகும் என்பது என் கருத்து.