இருமலுக்குப் பின்னால் இனிப்பு நீர்

தொற்றுநோய் வேறு, நாட்பட்ட நோய் வேறு என்றுதான் பள்ளியில் படித்தோம். இரண்டும் ஒரே உடம்பில் கைகோத்துக்கொள்ளும் என்பது, ஜாசின் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் மாமாவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். "விடியக்காலையில மரம் வெட்டப் போறேன்ல, பனி ஒத்துக்கல" என்றார். அரசாங்கக் கிளினிக்கில் சளியைச் சோதித்தார்கள், காசநோய். இரத்தத்தைச் சோதித்தார்கள், இனிப்பு நீர். அது எத்தனை வருடமாக இருந்ததோ, அவருக்கே தெரியாது!

இது தற்செயல் அல்ல, நண்பர்களே. காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் வருடக்கணக்கில் சும்மா தூங்கும். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எதிர்ப்புச் சக்தி தளரும், கிருமி விழித்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். தே தாரிக் மேல் மட்டும் பழி போட முடியாது. நாம் குவித்துப் போடும் சோற்றுக்கும் பங்குண்டு.

மருந்து 6 மாதம். இரண்டாம் மாதமே இருமல் நின்றதும், "இனிமே எதுக்குடா மாத்திரை?" என்றார் மாமா. பலர் தவறுவது இங்கேதான். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கே அடங்காமல் போகலாம். அத்தை தினமும் எதிரில் நின்று விழுங்க வைத்தார்.

காசநோய் காற்றில் பரவும். தட்டில், டம்ளரில் பரவாது. அது தெரியாமல் லயத்தில் சிலர் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். சிகிச்சை முடிந்து கோயில் திருவிழாவுக்கு வந்தவர், அன்னதானத்தில் ஓரமாகவே உட்காரப் போனார். நான் என் பக்கத்தில் இலை போட்டேன்.