பிரஷ் கட்டரிலும் ஜெனரேட்டரிலும் பெட்ரோல் கசிகிறதா? கவனிக்க வேண்டிய 15 குறிப்புகள்

மழை ஓய்ந்ததும் தோட்டத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். மூலையில் வைத்திருந்த பிரஷ் கட்டரைத் தூக்கினால் அடியில் தரை நனைந்திருக்கும். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். ‘கொஞ்சம்தானே’ என்று துடைத்துவிட்டுக் கயிற்றை இழுப்பவர்கள் பலர். பிரஷ் கட்டரும் பவர் ஸ்பிரேயரும் தோளிலும் முதுகிலும் மாட்டிக்கொண்டு வேலை செய்யும் இயந்திரங்கள். கசியும் பெட்ரோல் நம் சட்டையில் இறங்கும்போது, அதற்கு ஒரு சாண் தள்ளி சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான கசிவுக்குக் காரணம் ஓர் ஓ-ரிங்கோ, வெடித்த ட்யூபோ, ஒரு துளி தூசியோதான். நிதானமாகப் பார்த்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

1. கசிவு தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, பெட்ரோல் டேப் இருந்தால் மூடுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். வேலைக்கு நடுவில் கயிறு தவறி இழுபட்டாலும் இன்ஜின் ஓடாது.

2. வாசல், களம், தோட்டம் என்று திறந்த வெளியில் வைத்தே பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர் வரை போய்விடும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் பொருள் அது. பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். எரியும் பெட்ரோல் மேல் தண்ணீரை ஊற்றினால், பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பும்.

3. கசிவது பெட்ரோலா, ஆயிலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஈரத்தை வெள்ளைத் தாளில் ஒற்றி நிழலில் வையுங்கள். சில நிமிடங்களில் கறையில்லாமல் உலர்ந்தால் பெட்ரோல். எண்ணெய்க் கறை தங்கினால் இன்ஜின் ஆயிலாக இருக்கலாம். டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்திருப்பதால் கறை நிற்கும். அங்கே வாடையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

4. ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருப்பதில்லை. பெட்ரோலும் அப்படித்தான் வழிந்து வந்து, தாழ்ந்த இடத்தில் சொட்டும். இயந்திரம் முழுவதையும் துடைத்து உலரவிட்டு, அடியில் செய்தித்தாள் விரியுங்கள். டேங்க் மூடி, டேங்க், டேப், ட்யூப், கார்புரேட்டர் என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் ஈரமாகும் இடமே கசியும் இடம். சந்தேகமான இடத்தில் முகப் பவுடரைத் தூவினால் ஈரம் பளிச்சென்று தெரியும்.

5. ஜெனரேட்டர், பம்ப்செட், பவர் வீடர் போன்றவற்றில் டேப்பை மூடிச் சிறிது நேரம் காத்திருங்கள். சொட்டுவது நின்றால் கோளாறு டேப்புக்குக் கீழே. தொடர்ந்தால் டேங்கிலோ டேப்பிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே தேடும் வேலை பாதியாகிவிடும்.

6. டேங்கைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 20 மில்லி விரியும். காலையில் நிரப்பி வெயிலில் வைத்தால் மூடி வழியாகத்தான் வழியும். இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள்.

7. டேங்க் காற்று வாங்க மூடியிலோ பக்கத்திலோ சிறு துளை இருக்கும். அது அடைபட்டால் வெயிலில் டேங்குக்குள் அழுத்தம் ஏறி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளும். ஆறிய பிறகு மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வருவது இதற்கு அடையாளம். மூடியைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

8. ட்யூபின் நடுப்பகுதியைவிட, க்ளிப் மாட்டியிருக்கும் இரு முனைகளிலும் வளைவுகளிலும்தான் வெடிப்பு விழும். விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தாலும், மெழுகுபோல் குழைந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய், உள்விட்டமும் வெளிவிட்டமும் பொருந்துவதாக வாங்குங்கள்.

9. மீன்தொட்டி ட்யூப், குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப், சொட்டுநீர்க் குழாய் எதையும் மாட்டாதீர்கள். பெட்ரோல் பட்டுச் சில வாரங்களில் இறுகி வெடித்துவிடும். நம் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை ரப்பரை எத்தனால் ஊதச் செய்யும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எத்தனால் தாங்கும் ட்யூபா என்று கேட்டே வாங்குங்கள்.

10. பிரஷ் கட்டரிலும் செயின் சாவிலும் ட்யூப் டேங்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இயந்திரத்தைச் சாய்த்தால் மட்டும் கசிகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் அமுக்கும் ரப்பர் குமிழையும் அமுக்கிப் பாருங்கள். வெயிலில் அது வெடிப்பது சகஜம். குமிழை ஒட்ட வைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

11. டேப்பிலும் அதன் அடிக்கிண்ணத்திலும் ஓ-ரிங் இருக்கும். கசிவை நிறுத்த டெஃப்ளான் டேப் சுற்றுவதும், சோப்பைப் பூசுவதும் வேண்டாம். அவற்றின் துணுக்குகள் உள்ளே போய்க் கார்புரேட்டரை அடைக்கும். டேங்கே வெடித்திருந்தால் பசையையோ வெல்டிங்கையோ நம்பாமல் புது டேங்க் மாட்டுங்கள். காலி டேங்கிலும் ஆவி இருக்கும். தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

12. ஜெனரேட்டர், பம்ப்செட் போன்றவற்றில் ஏர் ஃபில்டர் பக்கம் பெட்ரோல் வழிந்தால் அது ‘ஓவர்ஃப்ளோ’. கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் ஃப்ளோட் மேலே எழும்பி, நீடிலைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். நடுவில் தூசியோ பழைய பெட்ரோல் பிசினோ சிக்கினால் வழி மூடாது. கிண்ணத்தின் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டுங்கள். பல நேரம் நீடில் விடுபட்டுவிடும். மறுபடியும் வழிந்தால் கிண்ணத்தைத் திறக்க வேண்டும்.

13. திறக்குமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டும்போது உள்ளே திரவம் தளும்பினால் அது ஓட்டை. நீடிலின் கூர்முனையில் வளையமாகத் தேய்மானம் இருந்தால் மாற்றுங்கள். ஜெட் துளையைக் கம்பியால் குத்தினால் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் க்ளீனரே போதும். அதை அடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள். மூடும்போது கிண்ணத்தின் கேஸ்கெட் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

14. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஓவர்ஃப்ளோ இருந்தால் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலில் ஓட்டினால் இன்ஜின் தேய்ந்துவிடும். கசிவைச் சரிசெய்து, ஆயிலை முழுவதும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

15. வேலை முடிந்ததும் உடனே கயிற்றை இழுக்காதீர்கள். டேப்பைத் திறந்து அரை மணி நேரம் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். நனைந்த துணியைக் குப்பைக் கூடையில் போடாமல் வெளியே உலரவிடுங்கள். வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தி வையுங்கள். பிசின் படியாமல் இருந்தாலே அடுத்த பருவத்தில் ஓவர்ஃப்ளோ தொல்லை பெரும்பாலும் வராது.

இத்தனையும் பார்த்தும் கசிவு நிற்கவில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வண்டியில் ஏற்றுமுன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். கூலிக்குப் புல் வெட்ட வருபவர் கையில் கொடுப்பதும் இதே இயந்திரம்தான். அவர் தோளில் அதை மாட்டுமுன், நீங்கள் ஒருமுறை அடியில் கைவைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.