கடல் கடந்த இல்லறமும் குடிவரவுச் சட்டமும்

(முதுகலை இரண்டாம் ஆண்டு, அரசியல் அறிவியல்)

முன்னுரை

ஓதல், தூது, பகை, பொருள் எனத் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை நம் இலக்கணம் வகுத்துக் காட்டுகிறது. கடல் கடந்து செல்லும் வழக்கம் மகளிரோடு இல்லை என்றும் தொல்காப்பியர் அகத்திணையியலில் கூறுவார். இளங்கலைத் தமிழ் வகுப்பில் இதனைப் படித்தபோது பழங்காலத்துச் செய்தி என்றே எண்ணினேன். மணமான பின்பு மூன்று ஆண்டுகள் நான் இக்கரையிலும் என் கணவர் அக்கரையிலும் வாழ நேர்ந்தபோதுதான், அந்த விதி வேறு உருவில் இன்றும் இருப்பதை உணர்ந்தேன். இன்று அதன் பெயர் விசா.

வெளிநாட்டு வரன் என்றால் ஊதியத்தைக் கேட்கிறோம், ஊரைக் கேட்கிறோம். அவர் அந்நாட்டில் எந்தத் தகுதியில் வாழ்கிறார் என்பதைக் கேட்பவர் குறைவு. என் வீட்டாரும் கேட்கவில்லை. அமெரிக்க நாட்டு நடைமுறையைப் பற்றி நான் பட்டறிந்ததை உடன் பயில்வோருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

அமெரிக்கா 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளிலிருந்து குடியேறுவதைத் தடை செய்தது. 1923இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் உழவுத் தொழில் செய்த பஞ்சாபியர் ஊரிலிருந்து மனைவியரை அழைத்துக்கொள்ள இயலாது தவித்தனர். அவர்களுள் பலர் அங்கேயே மெக்சிகோ நாட்டு மரபினரான பெண்களை மணந்தனர். 1946இல் வந்த சட்டம் இந்தியருக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்ததாயினும், குடியேற அளித்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்தான். 1965ஆம் ஆண்டுச் சட்டமே நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்துக் குடும்ப உறவுக்கு முதன்மை அளித்தது.

இரு வரிசைகள்

ஆயினும் அச்சட்டத்தின் கண்களில் எல்லா மனைவியரும் ஒருவரல்லர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் மனைவி ‘நெருங்கிய உறவினர்’ எனப்படுவார். அவ்வகைக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. நிரந்தரமாக வாழும் உரிமை மட்டுமே உடையவர், அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவர், தம் மனைவியை அழைத்தால் அவர் ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வேண்டும். மனைவியர், கணவர்கள், சிறு பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து உலகம் முழுமைக்கும் அவ்வரிசையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 88,000 இடங்களே உள்ளன.

என் கணவர் சிறுவயதில் பெற்றோருடன் அங்குக் குடியேறியவர். 2021 டிசம்பரில் எங்கள் திருமணம் நடந்தபோது கிரீன் கார்டு உடையவராக இருந்தார். 2022 பிப்ரவரியில் ஐ-130 என்னும் மனுவை 535 டாலர் கட்டணத்துடன் அளித்தார். 2019 ஜூலை முதல் அந்த வரிசையில் காத்திருப்பு இல்லாத நிலை இருந்தது. ஆகவே நாங்கள் கவலைப்படவில்லை. ஆனால் 2023 ஏப்ரல் மாத விசா அறிக்கையில் வரிசை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2020 செப்டம்பர் தொடக்கத்துக்கு முன் மனுச் செய்தவர்களுக்கு மட்டுமே இடம் என்றாயிற்று. அந்தக் காகிதத்தைக் கைப்பேசியில் படித்துவிட்டு, அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இணைப்பில் இருந்தோம்.

குறுக்கு வழி

கட்டிக் கொடுத்த பெண் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் கேட்கத் தொடங்கினர். அப்பா என்னை ஒரு முகவரிடம் அழைத்துச் சென்றார். அவர் மிக எளிதாக ஒரு வழி சொன்னார்: “ஏம்மா, சுற்றுலா விசாவுக்குப் போடு. கல்யாணம் ஆனதையே எழுதாதே. போய்ச் சேர்ந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். சரி என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஏக்கம் அவர் கண்களில் தெரிந்தது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தில் மணமானவரா என்ற வினா உண்டு. ‘இல்லை’ என்று எழுதினால், என் கணவர் முன்னரே அளித்த மனுவே அதனைப் பொய்யாக்கிவிடும். விசா பெறுவதற்காக முக்கியச் செய்தியைத் திரித்துக் கூறினால் வாழ்நாள் முழுதும் நுழையத் தடை விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அதிலிருந்து விலக்குப் பெறுவது எளிதன்று. என்னைக் கணவரிடம் சேர்க்கும் உண்மை ஒன்றே ஒன்றுதான், நான் அவர் மனைவி என்பது. அதையே மறைத்துவிட்டு எதைக் கொண்டு அவரிடம் போவது? வேண்டாம் என்று எழுந்து வந்தேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவ்வாண்டுதான் இக்கல்லூரியில் முதுகலை வகுப்பில் சேர்ந்தேன்.

2023 ஆகஸ்டில் என் கணவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அதே மனு அன்றே உச்சவரம்பில்லாத வகைக்கு மாறியது. எங்கள் திருமணத்தில் எதுவும் மாறவில்லை; மாறியது வரிசை மட்டுமே.

ஆவணங்கள்

மனு ஏற்கப்பட்டபின் அது தேசிய விசா மையத்துக்குச் செல்கிறது. அங்கு இருவகைச் சான்றுகள் தேவை. முதலாவது பொருளாதார உறுதி. அழைப்பவரின் வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டில் 125 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. அந்தப் பொறுப்பு மணமுறிவு நேர்ந்தாலும் தானாக நீங்காது என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாவது, திருமணம் மெய்யானது என்பதற்கான சான்று. திருமணப் பதிவுச் சான்றிதழ் இன்றியமையாதது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் அவர் புறப்படும் முன்பே பதிவு செய்தது நல்லதாயிற்று. இரு வீட்டாரும் நிற்கும் படங்கள், விமானச் சீட்டுகள், தொலைபேசிப் பதிவுகள், பணம் அனுப்பிய இரசீதுகள் ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கினேன். ஊரே கூடி வாழ்த்திய திருமணத்தை அறியாத ஓர் அதிகாரிக்கு இக்காகிதங்களே சாட்சி.

நேர்காணல்

2024 டிசம்பரில் மும்பையில் நேர்காணல் நடந்தது. அதிகாரி கேட்ட வினாக்கள் சிலவே. “இந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள்?” என்பது அவற்றுள் ஒன்று. “அறுபத்து மூன்று நாள்” என்றேன். எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத கணக்கு அது. அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

அங்கேதான் தடை வந்தது. தமிழில் ஒரே பெயர். ஆங்கிலத்தில் என் பிறப்புச் சான்றிதழில் ‘எச்’ என்ற எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தது. மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் நின்றது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகியிருந்தது. விளக்கம் கேட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினர். மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து விசா வந்தது.

முடிவுரை

திருமணம் செய்துகொள்வது மனிதரின் உரிமை. ஆனால் மணந்தவரோடு ஒரு நாட்டில் சேர்ந்து வாழ்வது அந்நாட்டின் அனுமதியைப் பொறுத்தது. கணவருக்கு விசா மறுக்கப்பட்ட மூன்யோஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வழக்கில், வெளிநாட்டவரான வாழ்க்கைத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கப் பெறுவது குடிமக்களின் அடிப்படை உரிமையன்று என்று 2024 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் கூறியது. குடிமகளுக்கே அந்நிலை என்றால் நம் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதனை அறிந்து மணப்பது வேறு, அறியாமல் மணந்து அழுவது வேறு.

ஆதலின் வெளிநாட்டு வரன் வரும்போது அவர் குடிமகனா, கிரீன் கார்டு உடையவரா, தற்காலிக விசாவில் இருப்பவரா என்று முதலில் கேளுங்கள். திருமணத்தை உடனே பதிவு செய்யுங்கள். சிறு இரசீதையும் எறியாதீர்கள். எந்த விண்ணப்பத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கட்டணங்களும் விதிகளும் மாறுவன. ஆகவே முகவரின் சொல்லை நம்பாமல் அரசு வெளியிடும் அறிக்கையை நீங்களே படியுங்கள்.

ஏப்ரலில் தேர்வு எழுதிவிட்டு, விசாக் கெடு முடியுமுன் மே மாதத்தில் புறப்படுகிறேன். அப்பாதான் பெட்டி வாங்கி வந்தார். தோழியரே, வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து அதில் உங்கள் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.