நான்கு நாளில் இலண்டன்

பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு அயல்நாட்டுப் பெருநகர் ஒன்றை முதன்முறையாகக் காணப் புறப்படுபவர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பவை மூன்று அல்லது நான்கு நாள்களே. அதற்குள் யாவற்றையும் கண்டுவிட வேண்டும் என்னும் வேட்கை எழுதல் இயல்பு. அவ்வேட்கையே அவருக்கு முதற்பகை. இலண்டன் மாநகரின் பரப்பு ஏறத்தாழ 1,570 சதுர கிலோமீட்டர். அங்கு வாழ்வோர் தொகையோ 90 இலட்சத்தை ஒட்டியது. அங்கேயே பிறந்து முதிர்ந்தோரும் முழுதும் கண்டறியாத நகரம் அது. ஆகவே, எதனைக் காண்பது என்பதைவிட எதனைக் காணாது விடுவது என்பதே புறப்படுமுன் தெளியவேண்டிய வினாவாகும்.

கடவுச்சீட்டும் நுழைவிசைவும் பல வாரங்களுக்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டியவை. அவை கைக்கு வந்தபின், நகரப்படம் ஒன்றை விரித்துவைத்துக் காண விரும்பும் இடங்களைக் குறித்தல் நன்று. படத்தின் நடுவே தேம்ஸ் நதி வளைந்து வளைந்து கிழக்கு நோக்கி ஓடும். குறித்த புள்ளிகள் அந்நதியை ஒட்டிச் சில கொத்துகளாகத் தாமே பிரிந்து நிற்கும். ஒரு கொத்துக்கு ஒரு நாள் என வகுத்துக்கொண்டால், காலையில் கிழக்கும் மாலையில் மேற்குமாக அலைந்து, ஊரைக் காண்பதற்கு மாறாக வண்டிகளையே கண்டு திரும்பும் நிலை நேராது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இலண்டனில் 1863ஆம் ஆண்டு தொடங்கிய சுரங்க இரயில், உலகிலேயே அவ்வகையில் முதலாவது. அதற்கென ஹாரி பெக் என்னும் வரைவாளர் 1931இல் ஒரு படம் வரைந்தார். 1933இல் அது மக்கள் கைக்கு வந்தது. மண்ணுக்கடியில் செல்பவர்க்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பனவே தேவை என்று கருதிய அவர், தொலைவளவைக் கைவிட்டு, வழிகளையெல்லாம் நேர்கோடுகளாக்கினார். இரயிலுக்கு அதனினும் தெளிவான படம் இல்லை. நடப்பவர்க்கோ அது பொய்ப்படம். லெஸ்டர் சதுக்கம், கோவென்ட் கார்டன் என்னும் இரு நிலையங்களுக்கிடையே உள்ள தொலைவு 260 மீட்டரே. இதனை அறியாதார் சீட்டு வாங்கி, ஆழத்தில் இறங்கி, வண்டிக்குக் காத்திருந்து, மீண்டும் மேலேறி வருவர். மின்தூக்கியில் கூட்டம் மிகுந்ததெனப் படிவழி ஏறத் துணிந்தால், கோவென்ட் கார்டனில் 193 படிகள்! ஆதலின் தெருக்களைக் காட்டும் படம் ஒன்றும் உடனிருத்தல் வேண்டும்.

சென்றிறங்கும் நாளில் பெருந்திட்டம் கூடாது. குளிர்காலத்தில் இலண்டன் நேரம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. கோடையில் நான்கரை மணி. அங்கே மாலை ஏழு மணியாகும்போதே பயணியின் உடல் நள்ளிரவென எண்ணித் துயிலை நாடும். அன்றிரவு நாடகத்துக்குச் சீட்டு வாங்கியவர், விலைமிக்க இருக்கையில் உறங்குவதற்கே சென்றவராவார். பாராளுமன்றத்திலிருந்து டிரபால்கர் சதுக்கம் வரை மெல்ல நடந்து, காலாற உலவி மீள்வதே முதல்நாளுக்குப் போதும். பருவத்தையும் கருதல் வேண்டும். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். ஜூனிலோ இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஒரே நான்கு நாள், பருவத்தால் நீளவும் குறுகவும் செய்யும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைக் காணக் கட்டணம் இல்லை. 1759இல் மக்களுக்குத் திறக்கப்பெற்ற அங்கு, ஏறத்தாழ 80 இலட்சம் பொருள்கள் உள்ளன. காட்சியில் இருப்பது நூற்றில் ஒரு பங்கே. அதுவும் ஒருநாளில் அடங்காது. எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டாக் கல், கிருஷ்ணை நதிக்கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அமராவதிச் சிற்பங்கள் என நான்கைந்தை முன்னரே தேர்ந்து, அவற்றின்முன் நெடிது நின்றவர் ஏதேனும் ஒன்றைக் கண்டவராவார். கூடந்தோறும் விரைந்தவர்க்குக் கால்வலியே மிச்சம்.

இங்கே மிஞ்சும் பொருளை இலண்டன் கோட்டைக்குச் செலவிடலாம். அதன் கட்டணம் சிறிதன்று. காலையில் கோட்டை திறந்தவுடன் சென்று, பின் மேற்கே சிறிது நடந்தால் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவுத் தூண் நிற்கும். அதன் உயரம் 202 அடி. தீ மூண்ட இடத்துக்கும் தூணுக்கும் இடைப்பட்ட தொலைவும் 202 அடியே. உள்ளே 311 படிகள் ஏறவல்லார், அத்தீக்குப்பின் எழுந்த நகரத்தையும் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தையும் ஒருசேரக் காணலாம்.

எஞ்சிய ஒருநாளைக் கிரீனிச்சுக்கு ஒதுக்கலாம். இரயிலைவிடப் படகே ஏற்றது. நதிவழிச் செல்கையில், மூன்று நாளாகத் துண்டு துண்டாகக் கண்ட நகரம் ஒரே தொடராக விரியும். குன்றின்மேல் 1675இல் நிறுவப்பெற்ற வானாய்வகத்தின் முற்றத்தில் உலோகக் கோடு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. 1884இல் பல நாட்டினர் வாஷிங்டனில் கூடி, நெடுங்கோடுகளின் தொடக்கமாக ஏற்றது அதனையே. இந்திய நேரம் அக்கோட்டுக்குக் கிழக்கே 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. பாகைக்கு நான்கு நிமிடமாகப் பெருக்கினால், முதல்நாள் மாலையில் பயணியைத் துயிலில் ஆழ்த்திய அந்த ஐந்தரை மணி கிடைக்கும். கையிலுள்ள தொலைபேசி காட்டும் சுழியம் மட்டும் அக்கோட்டில் இராது. செயற்கைக்கோள் கணிப்பின்படி அது 102 மீட்டர் கிழக்கே, பூங்காவின் புல்தரையில் உள்ளது.